கோணமலைப் பதிகமும் தயோபாந்தஸின் எண்களும்

திருகோணமலைத் துறைமுக நகரின் கிழக்கு ஓரத்தில் கடலுக்குள் நீண்டு நிற்கும் சுவாமிமலையில் கோயில் கொண்ட கோணேசப் பெருமான்மீது திருஞானசம்பந்தர் பாடிய பதிகம், மூன்றாம் திருமுறையில் புறநீர்மை என்னும் பண்ணுக்கு உரியதாக வகுக்கப்பட்டுள்ளது. பண் என்பது குறிப்பிட்ட சில சுரங்களைக் குறிப்பிட்ட முறையில் கோத்து எழுப்பும் இசைவடிவம். பழந்தமிழ் நூல்கள் சுரத்தை நரம்பு என்றே கூறும். இன்றைய ஓதுவார்கள் புறநீர்மையைப் பூபாள இராகத்தில் பாடுவது வழக்கமாக இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய புறநீர்மையும் இன்று ஒலிக்கும் பூபாளமும் ஒன்றுதானா என்ற வினா இசை வரலாற்றாசிரியருக்கு மட்டும் உரியதன்று. சொல்லைப் போலவே பண்ணும் அருளிச் செய்யப்பட்டது என்று கொள்ளும் சைவ மரபில், பண் மாறிவிட்டதென்றால் ஓதப்படுவது எது என்ற கேள்வி வழிபாட்டின் உள்ளே எழுகிறது. மூத்தோர் விட்டுச்சென்ற ஒன்றைத் தம் காலத்துக் கருவிகளால் மீட்டெடுப்பவர், அவர்கள் கொண்டிருந்த பொருளையே கண்டெடுக்கிறாரா, அல்லது தம்முடைய பொருளை அவர்கள்மீது ஏற்றுகிறாரா என்பதே அக்கேள்வியின் பொதுவடிவம்.

இக்கேள்வியை எண்களின் துணைகொண்டு அணுகியவர்களுள் தலையாயவர் சுவாமி விபுலாநந்தர். 1892இல் காரைதீவில் பிறந்து, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தகுதியையும் பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்று, 1924இல் இராமகிருஷ்ண சங்கத்தில் துறவு பூண்ட அவர், 1920களின் பிற்பகுதியில் கிழக்கிலங்கையில் அச்சங்கத்தின் பாடசாலைகளை நடத்திய காலத்தில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தார். அவருடைய யாழ்நூல் 1947 யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அந்நூல் செய்த வேலையின் தன்மையை விளங்கிக்கொள்வதற்கு, அதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியிலும் பிரான்சிலும் நெதர்லாந்திலும் வாழ்ந்த சில கணித அறிஞர்கள் ஒரு கிரேக்க நூலை வாசித்த விதத்தை முதலில் பார்ப்பது பயன்தரும். பழைய எண்களைப் புதிய கணிதத்தால் வாசிப்பதில் உள்ள பெருமையும் ஆபத்தும் அங்கே மிகத் தெளிவாகப் பதிவாகியுள்ளன.

அந்தக் கிரேக்க நூல், கி.பி. மூன்றாம் நூற்றாண்டளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தயோபாந்தஸ் இயற்றிய அரித்மெட்டிகா. பதின்மூன்று பாகங்களாக எழுதப்பட்ட அதில் ஆறு பாகங்களே கிரேக்க மொழியில் எஞ்சின. 1464ஆம் ஆண்டையொட்டி வெனிஸ் நகரில் அதன் கையெழுத்துப் படி ஒன்றைக் கண்ட ஜெர்மானியக் கணிதர் ரெஜியோமொன்டானஸ், எண்கணிதத்தின் மலர் முழுவதும் இந்நூலில் மறைந்திருக்கிறது என்றும், அரபுப் பெயரால் அல்ஜிப்ரா என வழங்கும் கலை இதுவே என்றும் பாதுவாப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் அறிவித்தார். அந்த அறிவிப்பிலேயே பின்வந்த நூற்றாண்டின் போக்கு அடங்கியிருந்தது. அல்ஜிப்ரா, அதாவது இலங்கைப் பாடநூல்கள் அட்சரகணிதம் எனக் கூறும் துறை, ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மியின் நூலால் உருப்பெற்றுப் பின்னர் ஐரோப்பாவுக்குச் சென்றது. தம் காலத்தில் வழக்கிலிருந்த அந்தக் கலையைப் பழைய கிரேக்கரின் ஏட்டில் கண்டதாக ரெஜியோமொன்டானஸ் கூறியபோது, கலைக்கு ஒரு புதிய குலமுதல்வர் கிடைத்தார். பாக்தாத் பின்னணிக்குத் தள்ளப்பட்டது.

தயோபாந்தஸின் முறையை அறிய அவருடைய முதல் கணக்கே போதும். கொடுக்கப்பட்ட ஓர் எண்ணை, கொடுக்கப்பட்ட வித்தியாசம் உடைய இரு எண்களாகப் பிரிக்க வேண்டும் என்று கணக்கைப் பொதுவாகச் சொல்லிவிட்டு, உடனே அவர் பிரிக்கவேண்டிய எண் 100, வித்தியாசம் 40 என்று குறித்த எண்களுக்கு இறங்கிவிடுகிறார். சிறிய எண்ணைத் தெரியாத எண் எனக் கொண்டு அதற்கு ஒரு குறியீட்டை வைத்தால், பெரியது அதனோடு 40 சேர்ந்தது. இரண்டும் கூடி, தெரியாத எண்ணின் இரு மடங்கோடு 40 சேர்ந்தது 100க்குச் சமம். ஆகவே சிறியது 30, பெரியது 70. தெரியாத எண்ணுக்கு மட்டுமே அவரிடம் குறியீடு உண்டு. தெரிந்த எண்கள் எப்போதும் உண்மையான எண்களாகவே நிற்கின்றன. இரண்டாம் பாகத்தின் எட்டாம் கணக்கு, ஒரு சதுர எண்ணை இரு சதுர எண்களாகப் பிரிக்கச் சொல்வது. அங்கும் அவர் 16ஐ எடுத்துக்கொண்டு, இரண்டாவது சதுரத்தின் பக்கம் தெரியாத எண்ணின் இரு மடங்கிலிருந்து 4 குறைந்தது எனக் கொண்டு, 256/25, 144/25 என்ற விடைகளைத் தருகிறார். பக்கத்தை வேறுவிதமாகக் கொண்டால் வேறு விடைகள் கிடைக்கும் என்பதை வாசிப்பவர் தாமே உணர வேண்டும். இந்தக் கணக்கின் ஓரத்தில்தான் 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா தம் புகழ்பெற்ற குறிப்பை எழுதினார்.

இந்நூலை வாசித்தவர்களுள் ரஃபாயேல் பொம்பெல்லி, சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கும் பணியில் ஈடுபட்ட பொறியியலாளர். அவர் உரோமில் அந்தோனியோ மரியா பாற்சி என்ற ஆசிரியருடன் சேர்ந்து, வத்திக்கான் நூலகத்தில் இருந்த தயோபாந்தஸ் படியை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அந்த வேலை முற்றுப்பெறவில்லை. ஆயினும் 1572இல் பொலோனாவில் அச்சான தம் அட்சரகணித நூலின் மூன்றாம் பாகத்தில், முதலில் எழுதியிருந்த வணிகரின் கொடுக்கல் வாங்கல் கணக்குகளை நீக்கிவிட்டு, தயோபாந்தஸின் 143 கணக்குகளைச் சேர்த்தார். சரக்கும் கூலியும் பேசிய கணக்குகளின் இடத்தில் பொருள் சாராத எண்கள் வந்து நின்றன. அந்நூலின் முன்னுரையில் பொம்பெல்லி எழுதிய ஒரு செய்தி இந்தியத் துணைக்கண்டத்து வாசகரை நிமிர்ந்து உட்காரச் செய்யும்: தயோபாந்தஸ் தம் நூலில் இந்திய ஆசிரியர்களைப் பலமுறை மேற்கோள் காட்டுகிறார் என்றும், ஆகவே இக்கலை அரபியருக்கு முன்பே இந்தியரிடம் இருந்தது என்பது தெரிகிறது என்றும் அவர் எழுதினார். கிடைத்துள்ள தயோபாந்தஸ் நூலில் அப்படி ஒரு மேற்கோளும் இல்லை. பைசாந்தியத் துறவி பிளனூதிஸ் இந்திய எண்முறை பற்றி எழுதியவர், தயோபாந்தஸுக்கு விளக்கக் குறிப்பும் எழுதியவர். அக்குறிப்புகள் ஏட்டில் மூலத்தோடு கலந்து நின்றதால் இம்மயக்கம் நேர்ந்திருக்கலாம். இந்தக் கூற்றை நம் முன்னோர் பெருமைக்குச் சான்றாக எடுத்து முழங்குவது எளிது, அது தவறு. அட்சரகணிதத்தில் பிரமகுப்தரும் பாஸ்கரரும் செய்த சாதனைகளுக்கு அவர்களுடைய நூல்களே சான்றாக இருக்கும்போது, ஓர் இத்தாலியரின் வாசிப்புப் பிழை அவர்களுக்குத் தேவையில்லை.

பொம்பெல்லி செய்தது பழைய கணக்குகளைத் தம் நூலுக்குள் குடியேற்றியது மட்டுமே. பிரான்சிஸ் வியேத் அவற்றின் இயல்பையே மாற்றினார். வழக்கறிஞராகவும் மன்னரின் ஆலோசகராகவும் இருந்த அவர் 1591இல் வெளியிட்ட சிறு நூலில், தெரியாத கணியங்களுக்கு உயிரெழுத்துகளும் தெரிந்த கணியங்களுக்கு மெய்யெழுத்துகளும் வழங்கும் முறையை வகுத்தார். தெரிந்த எண்ணுக்கும் எழுத்து வந்துவிட்டதே இங்குள்ள புரட்சி. 1593இல் வெளிவந்த அவருடைய அடுத்த நூல், தயோபாந்தஸின் கணக்குகளை இம்முறையில் மறுபடியும் செய்து காட்டுகிறது. இரு எண்களின் வித்தியாசம் B, கூட்டுத்தொகை D எனில், சிறிய எண்ணாகிய A என்பது D இன் பாதியிலிருந்து B இன் பாதியைக் கழிக்க வருவது. B 40 ஆகவும் D 100 ஆகவும் இருந்தால் விடை 30, 70 என்று தயோபாந்தஸின் எண்களையே இறுதியில் எடுத்துக்காட்டாக வைக்கிறார். தயோபாந்தஸுக்குக் கணக்கின் உடம்பாக இருந்த எண்கள் வியேத்திடம் வந்து சேரும்போது எடுத்துக்காட்டாகச் சுருங்கிவிட்டன. விடையாக இப்போது நிற்பது ஒரு வாய்பாடு, அதாவது எந்த எண்ணை வைத்தாலும் வேலை செய்யும் ஒரு விதி.

இதனை ஒரு புதிய கண்டுபிடிப்பு என்று வியேத் கூறியிருந்தால் எவரும் குறை சொல்ல இடமில்லை. அவர் அப்படிக் கூறவில்லை. காட்டுமிராண்டிகளின் கையில் அழுக்குற்றுக் கிடந்த ஒரு பழைய கலையைத் தாம் தூய்மைப்படுத்தியதாக அர்ப்பணவுரையில் எழுதினார். அச்சொல் அரபியரையும் அவர் வழிவந்த இடைக்கால ஆசிரியர்களையும் சுட்டுவது. மேலும், தயோபாந்தஸ் இந்த எழுத்துமுறையைத் தாமும் கையாண்டார் என்றும், தம் நுட்பம் பெரிதாக வியக்கப்பட வேண்டும் என்பதற்காகவே அதை மறைத்து எண்களால் மட்டும் எழுதினார் என்றும் அவர் வாதிட்டார். ஒரு தலைமுறைக்குப் பின் டேக்கார்ட்டும் தம் வாழ்நாளில் அச்சிடாத ஒரு நூலில், பழையோர் உண்மையான கணிதத்தை அறிந்திருந்தும் அதைத் தந்திரமாக மறைத்துவிட்டனர் என்று ஐயுற்றார். மூத்தோர் நூலில் இல்லாத ஒன்றை, அவர்கள் அறிந்தே ஒளித்தார்கள் எனச் சொல்லிச் சேர்ப்பது மறுக்கமுடியாத வாதம், அதனாலேயே வலுவற்ற வாதமும் ஆகும். சான்று இல்லாமையையே சான்றாக்கும் வாதத்தை எந்தச் சான்றாலும் சோதிக்க முடியாது.

இங்கே நிகழ்ந்தது வெறும் குறியீட்டு மாற்றமா, எண்ணைப் பற்றிய எண்ணமே மாறியதா என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. யூக்கிளிட்டின் வரையறைப்படி எண் என்பது ஒன்றுகளின் தொகுதி. ஆகவே ஒன்று எண்ணன்று, எண்ணின் தோற்றுவாய். நூறு என்றால் நூறு ஒன்றுகள். அந்த நோக்கில் B என்ற எழுத்து எதனுடைய தொகுதியும் அன்று. அது எண்ணைப் பற்றிய எண்ணம் மட்டுமே. ஜேக்கப் கிளைன் 1934 முதல் 1936 வரை ஜெர்மன் மொழியில் வெளியிட்ட ஆய்வில், கிரேக்கரின் எண்ணும் வியேத்தின் எழுத்தும் இரு வேறு உலகங்களைச் சேர்ந்தவை என்று நிறுவ முயன்றார். 1975இல் சபத்தாய் உங்குரு, கிரேக்கக் கணிதத்தைச் சமன்பாடுகளாக மாற்றி வரலாறு எழுதும் பழக்கத்தைக் கடுமையாகத் தாக்கினார். பெருங்கணிதரான ஆந்திரே வெய்ல் அதே கடுமையோடு மறுத்தார்: கணிதம் அறிந்தவருக்கு ஒரே உண்மை எந்த உடையில் வந்தாலும் அடையாளம் தெரியும் என்பது அவர் பக்கத்து வாதத்தின் சாரம். இருவரிடமும் உண்மை உண்டு. 30உம் 70உம் எந்த மொழியிலும் 30உம் 70உமே. ஆனால் ஒருவர் எதை விடை என்று கருதினார் என்பது அவருடைய காலத்துக்கு உரியது.

தயோபாந்தஸின் வாசகர்களுள் மற்றொருவர் இக்கட்டுரையின் பொருளை நேரே இசைக்குக் கொண்டுவருகிறார். நெதர்லாந்தினரான சைமன் ஸ்டெவின், 1585இல் வெளியிட்ட எண்கணித நூலில் தயோபாந்தஸின் முதல் நான்கு பாகங்களைத் தம் குறியீட்டில் மாற்றித் தந்தார். அதே நூலில், ஒன்றும் எண்ணே என்றும், இரண்டின் வர்க்கமூலம் போன்ற விகிதமுறா எண்கள், அதாவது இரு முழு எண்களின் விகிதமாக எழுத முடியாதவை, மற்ற எண்களினின்று எவ்வகையிலும் தாழ்ந்தவையல்ல என்றும் பறைசாற்றினார். பின்னர் இசைக் கோட்பாடு பற்றி அவர் எழுதி, 1884 வரை அச்சேறாமல் கிடந்த ஒரு நூலில் இந்தக் கொள்கையைச் சுரங்களுக்குப் பொருத்தினார். பித்தாகரஸ் மரபினர், தந்தியின் மூன்றில் இரண்டு பங்கு எழுப்பும் சுரம் முழுத்தந்தியின் சுரத்தோடு இனிமையாக இணைவதைக் கண்டு, 3/2 போன்ற சிறு முழு எண்களின் விகிதங்களே இசையின் உயிர் என்றனர். அந்த விகிதங்களில் அவர்கள் தெய்வ ஒழுங்கைக் கண்டனர். ஸ்டெவின் ஒரு ஸ்தாயியை, அதாவது ஒரு சுரத்திலிருந்து அதன் இரட்டிப்பு வரையுள்ள இடைவெளியை, பன்னிரண்டு சம பங்காக்கி, ஒவ்வொரு பங்கும் இரண்டின் பன்னிரண்டாம் மூலம் என்றார். அவர் கணக்கில் 3/2 என்பது உண்மையான அளவன்று, அதன் அண்ணளவு மட்டுமே.

ஸ்டெவினுக்கும் பித்தாகரஸ் மரபினருக்கும் இடையே இருந்த அதே பிணக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழிசை ஆய்விலும் எழுந்தது. சிலப்பதிகாரத்தின் உரைகள் வழியே அறியப்படும் பழந்தமிழ் இசைமுறையில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 அலகுகள் வழங்கப்பட்டுள்ளன. அலகு என்பது இசை இடைவெளியின் நுண்ணிய கூறு. அவற்றின் மொத்தம் 22. தயோபாந்தஸின் ஏட்டைப் போலவே இங்கும் எண்கள் உண்டு, அவற்றை ஆளும் விதி கூறப்படவில்லை. ஓர் அலகு தந்தியின் எந்தப் பங்கு என்றோ, எல்லா அலகும் ஒரே அளவினவா என்றோ அந்த எண்கள் சொல்வதில்லை. அரும்பதவுரையும் அடியார்க்குநல்லாருரையும் உ.வே. சாமிநாதையரின் பதிப்பாக 1892இல் அச்சேறிய பின்னர், அந்த வெற்றிடத்தை நிரப்பும் பணி தொடங்கியது.

தஞ்சாவூரில் சித்த மருத்துவராக வாழ்ந்த கிறித்தவரான ஆபிரகாம் பண்டிதர், 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில், சுருதிகள் 22 அல்ல, 24 என்று வாதிட்டார். முந்தைய ஆண்டு பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டிலும் அவர் இக்கருத்தை முன்வைத்தார். அவருடைய கணக்கு ஸ்டெவினுடையதைப் போன்றது: ஸ்தாயியைச் சம பங்குகளாகப் பிரிக்க வேண்டும் என்பதும், பன்னிரண்டு இராசிகளை ஒத்த பன்னிரண்டு இடங்களின் இரட்டிப்பே அலகு என்பதும் அதன் அடிப்படை. கைக்கிளைக்கும் விளரிக்கும் உள்ள மூன்று அலகை நான்காக்கினால் 22 என்பது 24 ஆகிவிடும். முழு இடைவெளி ஒவ்வொன்றும் 4, அரை இடைவெளி ஒவ்வொன்றும் 2 என ஒழுங்கு அமையும். முன்னோர் 24ஐயே அறிந்திருந்தனர், பாடும் முறையில் அவ்விரு நரம்புகளில் ஒவ்வோர் அலகைக் குறைத்துக்கொண்டனர் என்பது அவர் முடிபு. மடக்கைக் கணக்கும் மேனாட்டுக் கருவிகளும் கைவந்த அவருடைய உழைப்பின் அளவைக் காண்பவர் வியக்காமல் இருக்க முடியாது. இருந்தாலும் அவருடைய இம்முடிபு, தயோபாந்தஸ் எழுத்துமுறையை அறிந்தே மறைத்தார் என்ற வியேத்தின் வாதத்தோடு ஒரே அச்சில் வார்த்தது போல் இருப்பதை மறுக்க இயலாது.

மறுபக்கத்தில் 22ஐ அப்படியே வைத்துக்கொண்டு, அலகுகள் சமமானவையல்ல என்று கொள்ளும் வழி உண்டு; முழு எண் விகிதங்களைப் பற்றி நிற்கும் இவ்வழியே யாழ்நூல் சென்ற வழி. நான்கு அலகு கொண்ட இடைவெளியை 9/8 என்றும், மூன்று அலகுடையதை 10/9 என்றும், இரண்டு அலகுடையதை 16/15 என்றும் கொள்வோமாயின், நான்கலகு நரம்புகள் மூன்று, மூன்றலகு நரம்புகள் இரண்டு, இரண்டலகு நரம்புகள் இரண்டு ஆகிய ஏழையும் பெருக்கக் கிடைப்பது மிச்சமின்றி 2, அதாவது ஸ்தாயியின் இரட்டிப்பு. குரலிலிருந்து துத்தம், கைக்கிளை, உழை, இளி என ஏறிச்சென்றால் 9/8, 5/4, 4/3, 3/2 என்ற விகிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. உரைகாரர் இந்தப் பின்னங்களை எழுதியதில்லை. ஆனாலும் அவர் தந்த எண்களுள் ஒன்றைக்கூடத் திருத்தாமல் இவை பொருந்துகின்றன. இவ்விரு வாசிப்புகளின் வேறுபாட்டைக் கண்ணால் காண விரும்புபவர் 90 சென்றிமீற்றர் நீளமுள்ள ஒரு தந்தியை எடுத்துக்கொள்ளலாம். இளி நரம்புக்கு விகித முறையில் 60 சென்றிமீற்றரிலும், சமபங்கு முறையில் 60.07 சென்றிமீற்றரிலும் விரல் விழும். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த இவ்வேறுபாடு காதுக்கு எட்டுவது அரிது. கைக்கிளைக்கோ விகித முறையில் 72, சமபங்கு முறையில் 71.43 சென்றிமீற்றர், ஏறத்தாழ ஆறு மில்லிமீற்றர் வேறுபாடு. பழகிய காது இதை உடனே பிடித்துக்கொள்ளும். பண்டிதர் ஓர் அலகு கூட்டிய இரு நரம்புகளுள் கைக்கிளையும் ஒன்று என்பது கவனத்துக்கு உரியது.

இவற்றுள் எது பழந்தமிழரின் கருத்து என்று கேட்டால், எண்களைத் திருத்தாமல் விளக்குவது திருத்தி விளக்குவதைவிட மேலானது என்ற அளவில் யாழ்நூலின் வழியே ஏற்கத்தக்கது. அதற்கு மேல் செல்வது துணிவாகும். 10/9 என்ற பின்னத்தை இளங்கோவடிகள் அறிந்திருந்தார் என்பதற்கு எந்த ஏட்டிலும் ஆதாரம் இல்லை. வியேத்தின் எழுத்துமுறை 19ஆம் நூற்றாண்டில் வட்டுக்கோட்டைச் செமினரி போன்ற கல்விக்கூடங்களின் வழியாக இலங்கைத் தமிழரிடம் வந்து, அங்கு பயின்ற கறோல் விசுவநாதபிள்ளை தமிழிலேயே வீசகணித நூல் எழுதும் அளவுக்கு வேரூன்றியது. அந்தக் கல்விமரபின் வாரிசான விபுலாநந்தர் ஒரு சூத்திரத்தை எழுதும்போது அது அவருடைய காலத்தின் சூத்திரமே. அவர் ஏட்டிலிருந்து கணக்கிட்டு நிறுத்திவிடாமல், கணித்த அளவுகளின்படி யாழ்களைச் செய்வித்து அரங்கேற்றத்தில் மீட்டச் செய்ததில்தான் அவருடைய நேர்மை வெளிப்படுகிறது. மறைத்து வைத்தார்கள் என்ற வாதத்தைச் செவியால் சோதிக்க முடியாது. மீட்டப்பட்ட யாழைச் சோதிக்கலாம், பிழை எனில் பிழை என்று சொல்லலாம்.

இனிச் சமயத்தின் பக்கம் வரவேண்டும். பித்தாகரஸ் மரபினருக்கு 3/2 என்ற விகிதமே தெய்விகமானது ஆகையால், ஸ்டெவினின் பன்னிரண்டாம் மூலம் அவர்களுடைய சமயத்தையே அசைக்கும். சைவ சித்தாந்தத்தின் நிலை வேறு. முப்பத்தாறு தத்துவங்களுள் முதலாவதாகிய நாதம் சுத்த மாயையிலிருந்து தோன்றுவது; மாயையோ இறைவனுக்கு வேறானது, உயிர்களின் விளக்கத்துக்காக அவன் இயக்கும் கருவி. ஒலி மெய்யானது, ஆயினும் கருவியே. அதன் அளவு இறைவன் ஆகாது. இந்த நிலையில் நின்று பார்த்தால், கைக்கிளையின் இடம் ஆறு மில்லிமீற்றர் நகர்ந்ததனால் கோணேசரை அடையாமல் போகும் பதிகம் எதுவும் இல்லை. அதற்காக எப்படிப் பாடினாலும் ஒன்றே என்றும் ஆகிவிடாது. கருவி அருளால் கொடுக்கப்பட்டது எனில் அதைக் கெடாமல் காப்பது பெற்றவரின் கடன். அந்தக் கடனே ஆராய்ச்சிக்குச் சமயம் தரும் நியாயம்.

மரபு தன் இழப்பை ஒளித்ததுமில்லை. திருமுறை கண்ட வரலாற்றின்படி, தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளில் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. எஞ்சியதே இக்காலத்துக்குப் போதுமானது என்று அருள்வாக்கு எழுந்தது. பண்களை வகுத்துத் தந்தவர் திருஎருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண். இந்த வரலாற்றில் இழப்பு ஒப்புக்கொள்ளப்படுகிறது, மீட்டவர் யார் என்பதும் சொல்லப்படுகிறது. தீர்க்காத கணக்கு எதுவும் இல்லாமல் செய்துவிடுவதே தம் கலையின் நோக்கம் என்று முடித்த வியேத்தின் குரலுக்கும், எஞ்சியது போதும் என்ற அந்த வாக்குக்கும் உள்ள தூரம் பெரிது. முதல் குரல் இல்லாவிட்டால் இன்றைய விஞ்ஞானம் இல்லை. இரண்டாவது இல்லாவிட்டால், இல்லாததை இருந்ததாகக் காட்டும் சோதனைக்கு ஆராய்ச்சியாளர் எளிதில் இரையாவார்.

திருகோணமலைக்கு இச்சோதனை புதிதன்று. பழைய கோயில் 1620களில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு அதன் கற்கள் கோட்டைக்குச் சென்றன. இன்று பிரெட்ரிக் கோட்டை எனப்படும் அதன் வாயிலில் இரட்டை மீன் சின்னத்துடன் உடைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. குளக்கோட்டன் திருப்பணியையும் பறங்கியர் அதைப் பிரிக்கப்போவதையும் முன்கூட்டிச் சொல்லும் பாடல் அதில் உள்ளதாக ஊரார் சொல்வர். கல்லில் எஞ்சியவை சில எழுத்துகளே, மற்றவை செவிவழிப் பாடலைக் கொண்டு நிரப்பப்பட்டவை. அப்பாடல் மக்களின் துயரத்தையும் நம்பிக்கையையும் தாங்கி நிற்பது. அதை ஒதுக்கத் தேவையில்லை. கல்லில் உள்ளது எது, நிரப்பியது எது என்று பிரித்துச் சொன்னால் போதும். அந்த ஒரு வரம்பைத்தான் வியேத் மீறினார்.

வரம்பைக் காத்தவர்களுக்குக் காலம் சில நேரங்களில் கைகொடுக்கிறது. தயோபாந்தஸின் தொலைந்த பாகங்களுள் நான்கு, குஸ்தா இப்னு லூக்கா செய்த அரபு மொழிபெயர்ப்பாக, 1968இல் ஈரானின் மஷ்ஹத் நகரில் கண்டறியப்பட்டன. அவற்றிலும் கணக்குகள் குறித்த எண்களாலேயே செய்யப்பட்டுள்ளன. வியேத் ஊகித்த இரகசிய எழுத்துமுறையின் சுவடு அங்கு இல்லை. கிரேக்க நூலைக் காத்து வைத்திருந்தவர்கள் அவர் காட்டுமிராண்டிகள் என்று தள்ளியவர்களின் மரபினரே. தமிழிலும், சிலப்பதிகார உரைகாரர் எடுத்தாண்ட இசைநூல்களுள் மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட பஞ்சமரபு கிடைத்து 1970களில் அச்சேறியது. பண்டிதரும் விபுலாநந்தரும் அந்நூலைக் காணாமலே எழுதினர். அவர்களுடைய முடிபுகளை அதனோடு வைத்து ஒவ்வொன்றாகச் சோதிப்பது அவர்களுக்குச் செய்யும் குறைவாகாது, நன்றியே ஆகும்.

அவ்வேலை பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் உரியதென்று விட்டுவிட வேண்டியதில்லை. விபுலாநந்தர் அதிபராக இருந்த ஊரின் பாடசாலைகளில் கணிதமும் சங்கீதமும் தனித்தனி ஆசிரியர்களால், தனித்தனி அறைகளில், ஒன்றையொன்று அறியாமல் கற்பிக்கப்படும் நிலை மாறவேண்டும். ஒரு தந்தியும் ஓர் அளவுகோலும் இருந்தால் மேலே கூறிய 72ஐயும் 71.43ஐயும் எட்டாம் வகுப்பு மாணவர் தாமே கணித்து, தாமே கேட்டு, எது தமக்கு ஓதுவாரின் குரலோடு ஒத்துவருகிறது என்று எழுதிவைக்க முடியும். கணித ஆசிரியரும் சங்கீத ஆசிரியரும் தவணைக்கு ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கிக் கோணமலைப் பதிகத்திலிருந்தே தொடங்கலாம்.